பதினான்காவது காரணம்

கணினித் திரையின் நடுவே ஒரு சின்னச் சாம்பல் நிறப் பெட்டி எழும். அதில் மலாயில் ஒரே ஒரு வரி இருக்கும்: "தியாடா டாலாம் செனாராய். தம்பா?" பட்டியலில் இல்லை, சேர்க்கவா என்று அர்த்தம். அதற்குக் கீழே ஆம், வேண்டாம் என்று இரண்டு பொத்தான்கள். அந்தப் பெட்டியை எழுதியவள் நான். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. ஒரு மத்தியானம் முழுக்கச் சாப்பிடாமல் உட்கார்ந்து எழுதினேன். முதல் தடவை அது திரையில் எழுந்து நின்றபோது பெருமை தாங்காமல் பக்கத்து மேசைப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் எட்டிப் பார்த்து, "இதுக்கா சாப்டாம உக்காந்திருந்த?" என்று கேட்டுவிட்டு ரொட்டி சானாய் வாங்கப் போய்விட்டாள். பதினோரு வருடம் ஆகிவிட்டது. அதைவிடப் பெரிய வேலைகள் எத்தனையோ செய்துவிட்டேன். ஆனாலும் நான் எழுதியவற்றில் அடிக்கடி நினைவுக்கு வருவது அந்த ஒரு வரிதான்.

பண்டமாரானில், துறைமுகத்துக்குப் போகும் சாலையில், கொண்டெய்னர் லோரிகள் ஓடும் ஒரு கம்பெனியில் எனக்கு முதல் வேலை. அங்கே மேனேஜராக இருந்தவரை டிரைவர்களும் காவலாளியும் மேசையில் இருந்த நாங்களும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். ஒல்லியான மனிதர், எப்போதும் வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. எங்களிடம் தமிழ், காவலாளியிடம் மலாய், சீன முதலாளியிடம் ஹொக்கியன், கோபம் வந்தால் மட்டும் ஆங்கிலம். டிப்ளமாவைக் கையில் வைத்துக்கொண்டு ஆறு மாதம் நான் அலைந்தபோது, "வந்து உக்காரு மா, கத்துக்கலாம்" என்று கூப்பிட்டு வேலை கொடுத்தவர் அவர்தான். என் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த அன்று அவருடைய காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அப்பாவைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்தபோது அந்த வெள்ளைச் சட்டையில் அப்பா வாந்தி எடுத்துவிட்டார். அண்ணே அந்தச் சட்டையோடு ராத்திரி வரை ஆஸ்பத்திரியில் நின்றார். "நீ என் தங்கச்சி மாதிரி, சும்மா இரு" என்றார். இதையெல்லாம் எழுதாமல் விட்டுவிட்டால் அவரைத் திட்டுவது எனக்குச் சுலபமாக இருக்கும். நடந்ததை எப்படி எழுதாமல் விடுவது?

லோரி எங்கேயாவது இடித்தால், உரசினால், நின்றுபோனால் டிரைவர் வந்து ஆபீசில் சொல்ல வேண்டும். அதைப் பதிவு செய்ய அவர் சொல்லித்தான் கம்ப்யூட்டரில் ஒரு பாரம், அதாவது படிவம், செய்தேன். லோரி எண், டிரைவர் பெயர், இடம், காரணம். காரணத்துக்கு ஒரு கட்டம் வைத்திருந்தேன், ஓரத்தில் உள்ள அம்புக்குறியை அழுத்தினால் பட்டியல் கீழே விரியும். காம்போ பாக்ஸ் என்போம். தலைமை அலுவலகம் கொடுத்த பட்டியலில் ஒன்பது காரணங்கள் இருந்தன. டயர் வெடித்தது, மழை, எதிர் வண்டியின் தவறு, இப்படி. இரண்டாவதாகவே "டிரைவர் கவனக்குறைவு" உட்கார்ந்திருந்தது. டிரைவர்கள் வந்து சொல்வதோ வேறு. காப்பார் சாலையில் மாடு குறுக்கே வந்தது என்பார் ஒருவர். அதை எதில் போடுவது? மழையிலா? அண்ணேயிடம் போய்க் கேட்டேன். அவர் தே தாரிக் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "லிஸ்ட்ல இல்லன்னா சேத்துக்கோ மா. லிஸ்டுக்காக டிரைவர் பொய் சொல்லணுமா?"

அந்த வார்த்தைக்காகத்தான் நான் ஒரு மத்தியானச் சாப்பாட்டை விட்டேன். பட்டியலில் இல்லாததைக் கட்டத்தில் தட்டினால் அந்தச் சாம்பல் பெட்டி எழும். ஆம் என்று அழுத்தினால் புதுக் காரணம் ஓர் எண்ணோடு பட்டியலில் போய்ச் சேர்ந்துவிடும், அடுத்த முறை விரித்தால் தானே இருக்கும். பத்தாவது, மாடு. பதினொன்றாவது, மோட்டார் சைக்கிளில் பந்தயம் விடும் பையன்கள். பிறகு சாலையில் கொட்டிய டீசல். பதின்மூன்றாவது, துறைமுகக் கேட்டில் விளக்கு எரியவில்லை. மலாயில்தான் தட்டுவேன், இங்கே தமிழில் சொல்கிறேன். தங்கள் வார்த்தை கம்ப்யூட்டரில் ஏறியதைப் பார்க்க டிரைவர்களுக்கு அப்படி ஓர் ஆசை. கவுண்டருக்கு மேல் எம்பி, "என் மாடு இருக்கா பாரு" என்று கேட்டவர்கள் உண்டு.

பதினான்காவதைக் கொடுத்தவர் எங்கள் பக்கத்து வீட்டு மாமா. சொந்தம் ஒன்றும் இல்லை, சுவர் மட்டும்தான் சொந்தம். எஸ்பிஎம் பரீட்சை நாட்களில் தன் மோட்டார் சைக்கிளில் என்னைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டவர். இருபத்திரண்டு வருடமாக லோரி ஓட்டுகிறார், ஒரு சம்மன் கிடையாது என்று மாமி தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார். ஒரு நாள் மாமா யார்டில் நிறுத்தும்போது லோரி நிற்காமல் போய்க் கம்பத்தில் லேசாக இடித்துவிட்டது. ஆபீசுக்கு வந்து தொப்பியைக் கழற்றிவிட்டு, "பிரேக் புடிக்கல மா. வொர்க்‌ஷாப்ல சொல்லிட்டேன். நாளைக்குப் பாக்கறேன்றான்" என்றார். பட்டியலில் இல்லை. பெட்டி எழுந்தது. ஆம் என்று அழுத்தினேன். "பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை, வொர்க்‌ஷாப்பில் சொல்லியாயிற்று." பதினான்கு.

அடுத்த இரண்டு மாதத்தில் மாமா அதே லோரிக்காக இன்னும் இரண்டு முறை வந்தார். வேறு டிரைவர்களும் நாலு பேர் அதே காரணத்தைச் சொன்னார்கள். இப்போது யாரும் தட்ட வேண்டியதே இல்லை, அம்பை அழுத்தினால் இருந்தது. ஒவ்வொரு முறையும் பாரம் இரண்டு பிரதி அச்சாகும். ஒன்றில் டிரைவர் கையெழுத்துப் போட்டு ஆபீசுக்குக் கொடுப்பார், மற்றது அவருக்கு. ஆனால் எங்கள் டிரைவர்கள் ஒருத்தர்கூடத் தங்கள் பிரதியை எடுத்துக்கொண்டு போனதில்லை. "லோரில வச்சா எண்ணெய் பட்டு நாறிடும் லா, நீயே வச்சிக்கோ" என்று கவுண்டரிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். ஒரு பழைய பிஸ்கட் டின்னில் எல்லாவற்றையும் போட்டு வைத்திருந்தேன். மாமா மூன்று முறையும் அப்படித்தான் செய்தார். மூன்றாம் முறை, கொண்டுபோங்க மாமா என்று நானே சொன்னேன். "எனக்கு எதுக்கு மா? நீ இருக்கியே" என்றார்.

இதற்கு இடையில் ஒரு நாள் அண்ணே என் மேசைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ராவாங்கில் நாங்கள் சரக்கு இறக்கும் ஒரு கிடங்கு கைமாறிப் பெயரை மாற்றிவிட்டது. பழைய பதிவுகளில் எல்லாம் பழைய பெயரே இருக்கிறதே, ஒவ்வொன்றாகவா மாற்றுவாய் என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. கெட்டிக்காரியாகக் காட்டிக்கொள்ளும் சந்தர்ப்பத்தை நான் விடுவேனா? பதிவுகளில் பெயரே இல்லை அண்ணே, எண் மட்டும்தான் இருக்கிறது, பெயர் பட்டியலில் இருக்கிறது என்று விளக்கினேன். பட்டியலைத் திறந்து அந்த ஒரு வரியை மாற்றிக் காட்டினேன். இருநூறுக்கும் மேற்பட்ட பழைய பதிவுகளில் ஒரே நொடியில் புதுப் பெயர் வந்து நின்றது. "ஒரு எடத்துல மாத்தினா எல்லா எடத்துலயும் மாறிடுமா?" என்று இரண்டு முறை கேட்டார். ஆமாம் அண்ணே என்றேன். தானும் ஒரு தடவை செய்து பார்க்கவேண்டும் என்று மவுசை வாங்கிக்கொண்டார். வலது கையால் எலிக்குட்டியைப் பிடிப்பது மாதிரி பயந்து பயந்து பிடித்தார். சரியாகச் செய்துவிட்டதும் நான் கை தட்டினேன்.

மூன்று வாரம் கழித்து, அந்த ராவாங் கிடங்கின் சரிவில் மாமாவின் லோரி நிற்கவில்லை. காவல் குடிசையை இடித்துச் சுவரில் மோதி நின்றது. நல்ல வேளை, காவலாளி தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தார். மாமாவின் வலது கால் பெடலுக்கு அடியில் மாட்டி நசுங்கிவிட்டது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் காலைப் பற்றிப் பேசவே இல்லை. லைசென்சைப் பிடுங்கிவிடுவார்களா என்றுதான் கேட்டார். வேறு எந்த வேலையும் அவருக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருடம் சேர்த்த நல்ல பெயரும் அந்த லைசென்சும்தான் அவரிடம் இருந்தன. "ஒங்க பேர்ல ஒரு தப்பும் வராது மாமா. மூணு தடவ நீங்க சொன்னது பூரா கம்ப்யூட்டர்ல இருக்கு" என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னேன். மாமி அழுகையை நிறுத்திவிட்டு எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார்.

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வருவதாக இருந்தது. அதற்கு முன்னால் அண்ணே ஆபீசைச் சுத்தம் செய்யச் சொன்னார். வெளியாள் வரும் நேரத்தில் யாரும் செய்வதுதானே? கேபினட்டுக்கு மேலிருந்த பிஸ்கட் டின்னைக் கண்ணால் காட்டி, "எல்லாம் சிஸ்டத்துல இருக்குல்ல மா, இந்தக் குப்பை எதுக்கு?" என்றார். எல்லாம் சிஸ்டத்தில் இருக்கத்தான் செய்தது, அதைக் கட்டியவளே நான்தானே. டின்னைக் கவிழ்த்துத் தாள்களை ஒவ்வொன்றாகக் கிழிக்கும் இயந்திரத்தில் விட்டேன். மாமாவின் கையெழுத்து இருந்த ஆபீஸ் பிரதிகளும் அதே டின்னில்தான் கிடந்தன. வேலை முடிந்ததும் அண்ணே எல்லாருக்கும் நாசி லெமாக் வாங்கிக் கொடுத்தார், நானும் ரசித்துச் சாப்பிட்டேன்.

விசாரணை நாளில் மாமா ஊன்றுகோல்களோடு வந்தார். மாமி தேய்த்துக் கொடுத்த நீலச் சட்டை. தலைமை அலுவலகத்துக்காரர் பழைய பதிவுகளின் அச்சுத்தாளை அவர் முன்னால் நகர்த்தி வைத்தார். மாமா படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் பக்கத்தில் போய் அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். மூன்று தேதிகள், மூன்றும் அவர் பெயரில். காரணம் என்ற இடத்தில் மூன்றிலும் ஒரே வார்த்தை: டிரைவர் கவனக்குறைவு. ஒவ்வொன்றின் கீழும் பதிவு செய்தவர் என்று என் பெயர். இரண்டு மாதத்தில் மூன்று தடவை அலட்சியமாக ஓட்டியதாக அவரே வந்து ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது அந்தத் தாள். "நீயா மா எழுதுன?" என்று மாமா கேட்டார். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. என் மேசைக்கு ஓடினேன். பாரத்தைத் திறந்து காரணத்தின் அம்பை அழுத்தினேன். பட்டியல் விரிந்தது. டிரைவர் கவனக்குறைவு என்ற வரி அதில் இரண்டு முறை இருந்தது, ஒன்று மேலே, ஒன்று கீழே. ஏற்கனவே இருப்பதை மறுபடி சேர்க்க என் பெட்டி விடாது. பாரத்துக்குப் பின்னால் இருந்த அட்டவணையைத் திறந்து எண்களைப் பார்த்தேன். ஒன்று இரண்டாம் எண், அது பழசு. இன்னொன்று பதினான்கு. பிரேக் என்ற சொல்லே பட்டியலில் எங்கும் இல்லை. மாமாவின் மூன்று பதிவும் மற்ற நாலு பேரின் பதிவும் ஒரே மாற்றத்தில் திரும்பிவிட்டிருந்தன. பேக்கப் ஒரே டிஸ்கில் வாரா வாரம் பழையதன் மேலேயே எழுதப்படும், அதிலும் இதே கதிதான்.

அண்ணே தன் அறையில்தான் இருந்தார். கதவைத் தட்டாமல் உள்ளே போனேன். அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன். "நான் ஒரு ரெக்கார்டையும் தொடல மா" என்றார். "லிஸ்ட்ட மட்டும்தான் சரி பண்ணேன். நீ சொல்லிக் குடுத்ததுதான்." பிறகு குரலைத் தாழ்த்தி, லோரியை வெளியே விடலாம் என்று கையெழுத்துப் போட்டது தான்தான் என்றும், இது வெளியே வந்தால் முதலில் போவது தன் வேலை என்றும் சொன்னார். மாமாவுக்கு வேறு ஏதாவது பார்த்துச் செய்வாராம். மேசையில் அவருடைய இரண்டு பேனாக்களும் கிடந்தன. "ஒங்கப்பாவ தூக்கிட்டுப் போனது நான்தான மா. நீ எனக்காக இதச் செய்யமாட்டியா?" அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் விட மோசம். அப்பாவைத் தூக்கிய கைக்கு அன்றைக்கே விலை போட்டு வைத்திருந்தாரா, அல்லது இப்போதுதான் போட்டாரா என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை. நல்ல மனிதராக இருந்துகொண்டேதான் என் முதுகில் குத்தினார்.

நான் விசாரணை அறைக்குத் திரும்பிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. தலைமை அலுவலகத்துக்காரர் பொறுமையாகத்தான் கேட்டார். பட்டியலை மாற்றினால் யார் மாற்றியது என்று பதிவாகுமா? ஆகாது. சிஸ்டத்தை அப்படி எழுதியது யார்? நான். காகிதப் பிரதி இருக்கிறதா? கிழித்தாயிற்று. கிழித்தது யார்? நான். அவர் பேனாவை மூடி வைத்தார். அதற்கு மேல் அவர் என்னதான் கேட்பார்? மாமா மட்டும் இன்னொரு கேள்வி கேட்டார். "நான் ஒங்கிட்ட குடுத்த பேப்பர் எங்க மா?" கிழித்தேன் என்று இரண்டு நிமிடத்துக்கு முன்னால்தான் அவர் காதுபடச் சொல்லியிருந்தேன். ஆனாலும் அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார், வேறு பதில் ஏதாவது வரும் என்பது போல.

மாமாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். லைசென்சும் போனது. நான் அந்த வாரமே வேலையை விட்டேன். அது அவருக்கு எந்த விதத்திலும் உதவவில்லை. மாமி என்னைப் பார்த்தால் துணி காயப்போடுவதைப் பாதியில் விட்டு உள்ளே போய்விடுவார். ஒரே சுவர், இந்தப் பக்கம் நாங்கள் பேசுவது அந்தப் பக்கம் கேட்கும், அதனால் எங்கள் வீட்டிலும் பேச்சு குறைந்தது. ஒரு வருடத்தில் அவர்கள் வீட்டை விற்றுவிட்டுச் செராசில் மகளோடு இருக்கப் போய்விட்டார்கள். பிறகு காப்பார் பக்கம் திரும்பி வந்ததாகக் கேள்விப்பட்டேன். அண்ணேக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது இன்னும் பெரிய இடத்தில் இருக்கிறார். தீபாவளிக்குத் தீபாவளி விளக்குப் படம் போட்டு, "அன்புத் தங்கச்சிக்கு" என்று வாட்சப்பில் அனுப்புகிறார். பதில் போடுவதில்லை. எண்ணை அழிக்கவும் மனம் வரவில்லை, ஒரு தடவையாவது அதில் மன்னிப்பு என்ற வார்த்தை வருமா என்று பார்க்கிறேன். எனக்கு வெட்கம்தான்.

இப்போது பிரிக்பீல்ட்சில் கிளினிக்குகளுக்கு இதே மாதிரி பாரங்கள் எழுதிக் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் இருக்கிறேன். பட்டியலில் வார்த்தையை யார், எப்போது மாற்றினாலும் என் பாரத்தில் அது தெரிந்துவிடும். நோயாளி சொன்ன வார்த்தை எண்ணாக மாறாமல் அப்படியே பதிவிலும் இருக்கும். எதற்கு இவ்வளவு என்று உடன் வேலை செய்யும் பையன்கள் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

போன மாதம் கிள்ளானில் ஒரு கிளினிக்குக்குப் புதுப் பாரத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு, கவுண்டர் பெண்ணுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கைத்தடியின் சத்தம் கேட்டது. நிமிர்ந்தால் மாமா. தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்தார், பார்த்ததும் தெரிந்துகொண்டார். "அம்மா நல்லா இருக்காங்களா?" என்றார். நல்லா இருக்காங்க மாமா என்றேன். எழுந்து நின்றேன், உட்காரவும் தெரியவில்லை. அவர் கவுண்டர் பெண் பக்கம் திரும்பிக்கொண்டார். கால் எப்படி ஆனது அங்கிள் என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டே அம்பை அழுத்திப் பட்டியலை மேலும் கீழும் ஓட்டினாள். விழுந்தது, சர்க்கரை, விளையாட்டு, சாலை விபத்து.

"இதுல எது அங்கிள்? ரோட் ஆக்சிடென்ட் போட்டுடவா?"

"பிரேக் புடிக்கல மா. அப்படியே எழுது."

அவள் தட்டினாள். சாம்பல் நிறப் பெட்டி எழுந்தது, பட்டியலில் இல்லை, சேர்க்கவா என்று. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையசைத்தேன், அவள் ஆம் என்று அழுத்தினாள். இயந்திரம் இரண்டு பிரதிகளைத் துப்பியது. மாமா ஒன்றில் கையெழுத்துப் போட்டார். "இன்னொன்னு இங்கயே பைல்ல வச்சிடறேன் அங்கிள், நீங்க தொலச்சிடுவீங்க" என்று அந்தப் பெண் நல்ல மனதோடுதான் சொன்னாள்.

"வேணாம் மா" என்று மாமா கையை நீட்டினார். "எங்கிட்டயே இருக்கட்டும்."

வாங்கி ஒரு தடவை முழுக்கப் படித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, என்னைத் தாண்டி டாக்டர் அறைக்குள் போனார்.